மஞ்சளைக் கறிக்குப் போடுங்கோ, குளிசையை நிப்பாட்டாதேங்கோ

உந்த வாட்ஸ்அப்பில சுத்தித் திரியிற வைத்தியக் குறிப்புகளைப் பற்றி எழுதவேணும் எண்டு கனநாளாய் யோசிச்சுக்கொண்டிருந்தன். மஞ்சள் புற்றுநோயைக் கரைக்குமாம். வெந்தயத் தண்ணி குடிச்சால் ஏழு நாளில சலரோகம் பறந்திடுமாம். பச்சை உள்ளி தின்றால் பிறசர் குளிசை தேவையில்லையாம். கடைசியில ஒரு வசனம்: எங்கட முன்னோர் முட்டாள்கள் இல்லை.

முன்னோரை ஆர் முட்டாள் எண்டது? தடிமனுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடிச்சவை, பிள்ளை பெத்தவளுக்குச் சரக்குக்கறி காய்ச்சிக் குடுத்தவை. எங்கட வீட்டில இண்டைக்கும் அதுதான் நடக்குது. ஆனால் நான் இருக்கிற இந்த ரொறன்ரோவில 1922 இல் முதன்முதலாய் ஒரு பெடியனுக்கு இன்சுலின் ஏத்தும்வரைக்கும், அந்தவகைச் சலரோகம் வந்த பிள்ளையள் உலகம் முழுக்கச் செத்துக்கொண்டுதான் இருந்தவை. வெந்தயம் அப்பவும் எங்கட அடுப்படியில இருந்தது.

வெந்தயத்தில ஒண்டுமில்லை எண்டு நான் சொல்லேல்லை. அதில இருக்கிற நார்ச்சத்து சீனி இரத்தத்தில ஏறுற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். குளிசையோட சேர்த்து, வைத்தியருக்குச் சொல்லிப்போட்டுச் சாப்பிடலாம். குளிசைக்குப் பதிலாய்ச் சாப்பிட்டால்தான் வில்லங்கம். ஏனெண்டால் கூடின சீனி கனகாலத்துக்கு நோகாது. நோகாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் தின்னும்.

"இங்கிலீசு மருந்துக் கம்பனிக்காரர் உண்மையை மறைக்கினம்" எண்டுவினம். சலரோகத்துக்கு உலகம் முழுக்கக் குடுக்கிற மெற்போமின் குளிசையின்ர கதையைக் கேளுங்கோ. கலீகா எண்ட ஐரோப்பிய மூலிகையில இருந்த ஒரு சரக்கைப் பாத்துத்தான் அந்த மருந்து பிறந்தது. 1957 இல் ஜோன் ஸ்டேர்ன் எண்ட பிரெஞ்சு வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்த முடிவை வெளியிட்டார். காப்புரிமை முடிஞ்சு கனகாலம், அதால விலையும் மலிவு. மூலிகையை அவங்கள் மறைக்கேல்லை. அளந்து, சோதிச்சு, எவ்வளவு குடுத்தால் நஞ்சு எண்டும் கண்டுபிடிச்சுத் தந்தவங்கள்.

அடுத்தது மஞ்சள் காப்புரிமைக் கதை. 1995 இல் அமெரிக்காவில குடுத்த காப்புரிமையை இந்தியா எதிர்த்து, 1997 இல் அது ரத்தானது உண்மை. ஆனால் அந்த வழக்கு, காயத்துக்கு மஞ்சள் பூசிறது புதுக் கண்டுபிடிப்போ பழைய வழக்கமோ எண்டதைப் பற்றினது. புற்றுநோயைப் பற்றி அதில ஒரு கதையும் இல்லை.

மஞ்சள்தூளில குர்குமின் நூற்றுக்கு மூண்டு பங்கு அளவிலதான் இருக்கு. அதிலையும் கொஞ்சத்தைத்தான் உடம்பு உறிஞ்சும். அதால குர்குமினைப் பிரிச்செடுத்து, மிளகுச்சத்தும் சேர்த்து, மாத்திரையாய் அடைச்சு விக்கினம். கறியில போடுற அளவு வேறை, இது வேறை. 2019 இல் இத்தாலியில இப்பிடியான மாத்திரை எடுத்த ஆக்களுக்கு ஈரல் அழற்சி வந்தது. 2023 இல் அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ஈரல் பாதிப்புப் பற்றி எச்சரிச்சது. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுக்கிற ஆக்கள் உள்ளி மாத்திரை, மஞ்சள் மாத்திரை பக்கம் கேளாமல் போகவே கூடாது.

கறுவாவிலயும் ஒரு சங்கதி இருக்கு. இங்கத்தைக் கடையளில மலிவாய் விக்கிறது பெரும்பாலும் கசியா எண்ட வேறை மரத்தின்ர பட்டை. அதில ஈரலுக்குக் கூடாத கூமரின் கனக்க இருக்கு. எங்கட இலங்கைக் கறுவாவில அது மிகக் குறைவு. சீனியைக் குறைக்கவெண்டு ஒவ்வொரு நாளும் கரண்டி கரண்டியாய்க் கசியாவை விழுங்கிறவையை என்னெண்டு சொல்லுறது?

எங்கட சனம் ஏன் உதை நம்புது எண்டதும் எனக்கு விளங்கும். குடும்ப வைத்தியர் பத்து நிமிசத்தில ஆங்கிலத்தில சொல்லி அனுப்பிவிடுறார். வாட்ஸ்அப் தமிழில, ஆறுதலாய்க் கதைக்குது. பிள்ளையள் வேலைக்குப் போக, அம்மா தனிய இருந்து அதைத்தான் கேக்கிறா. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நாங்கள். ஒருநாள் லீவு போட்டிட்டு வைத்தியரிட்டைக் கூடப் போங்கோ, மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ.

ரசத்துக்கு மிளகு தாராளமாய்ப் போடுங்கோ. அடுத்தமுறை உப்பிடி ஒரு குறிப்பு வந்தால், அனுப்பினவரிட்டை ஒண்டு மட்டும் கேளுங்கோ: "அண்ணை, உங்கட கடைசி மூண்டு மாதச் சீனி அளவு என்ன?"