கர்சர் நகராவிட்டால் குற்றம் தமிழுக்கா?

“தமிழ்ல டைப் பண்ணினா கர்சர் அப்படித்தான் சார் இருக்கும். அது காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்.” கணினி படித்த பிள்ளைகள் இதை ஏதோ இயற்கை விதி போலச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். பணிக்காலம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவன். ‘கொ’ என்பது ஓர் எழுத்து என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால், நடுவில் க. மூன்று துண்டாகத் தெரிந்தாலும் அது ஒன்றுதான் என்று பிள்ளை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அது எடிட்டருக்குப் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்திலா இருக்கிறது?

என் முன்னாள் மாணவி ஒருத்தி நம் ஊர்ப்பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். பக்கக் கணக்கில் கூலி. அங்கே ஈமேக்ஸ் என்ற இலவச எடிட்டரைப் போட்டு, யாரோ ஒரு பையன் எங்கிருந்தோ எடுத்த அமைப்புகளையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறான். அவள் வலது அம்பை அழுத்தினால் கர்சர் ‘பொ’ மேல் அப்படியே நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால்தான் நகரும். முதல் அழுத்தலுக்குப் பிறகு அவசரத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது ‘பொ’வின் வயிற்றுக்குள் போய் விழும். ‘பொருள்’ இருந்த இடத்தில் ‘பனொருள்’. திருத்தப் போன இடத்தில் புதுப் பிழை. “இந்தப் பொண்ணுக்குத் தமிழே வரலை” என்று முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். அமைத்துக் கொடுத்த பையனைக் கேட்டால், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்!

இதில் நடப்பது இதுதான். யூனிகோடில் ‘பொ’ இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது: ‘ப’ ஒன்று, ஒகரக் குறி ஒன்று. கோப்புக்குள் இரண்டு இடம், திரையில் ஓர் எழுத்து. கர்சர் அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், அதை எழுத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடும் வேலையை ஈமேக்ஸ் தானாகவே செய்கிறது. அதன் கையேட்டிலேயே இது இருக்கிறது. அந்த வேலையை நிறுத்திவைக்க ஒரு சுவிட்சும் உண்டு: ‘குளோபல் டிசேபிள் பாயின்ட் அட்ஜஸ்ட்மென்ட்’. பையன் கொட்டிய அமைப்பில் அது ‘ஆன்’ செய்யப்பட்டிருந்தது. ஒற்றை வரி!

எப்படிக் கண்டுபிடித்தோம்? ஈமேக்ஸை ‘-கியூ’ சேர்த்துத் திறந்தால் சொந்த அமைப்பு எதுவும் இல்லாமல் வரும். அப்படித் திறந்தோம், கர்சர் ஒழுங்காக ஓடியது. ஆக, குற்றம் தமிழிலும் இல்லை, எழுத்துருவிலும் இல்லை, அவள் விரலிலும் இல்லை. பிறகு அமைப்புக் கோப்பில் பாதியை நீக்கிப் பார்ப்பது, மீதியில் பாதியை நீக்கிப் பார்ப்பது. நூறு வரி என்றாலும் ஏழெட்டு முறையில் முடிந்துவிடும். விஎஸ் கோடில் இதே வேலைக்கு ‘எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. விம்மில் ‘--கிளீன்’. இதையெல்லாம் நானா அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்?

இன்னொரு கோளாறும் இருக்கிறது. அது கொஞ்சம் விஷமமானது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் போடலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ஒன்றில் ‘ப’ மிஞ்சும், மற்றதில் ‘பெ’ மிஞ்சும். ‘பொன்னம்மாள்’ என்று தேடினால், வேறு வகையில் அடித்த பொன்னம்மாள் அகப்படமாட்டாள். இதற்கும் மருந்து உண்டு. என்.எஃப்.சி. என்ற முறையில் கோப்பை ஒருமுறை ஒழுங்குபடுத்தினால் எல்லாம் ஒரே வகைக்கு வந்துவிடும்.

பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் அழிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ‘கொ’வை ‘கோ’ ஆக்க அது வசதிதான். கர்சர் எழுத்துக்கு நடுவே போய் நிற்பதைத்தான் ஏற்க முடியாது.

இந்த இடத்தில் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று, “எழுத்தையே மாற்றிவிடலாம்” என்கிற கூட்டம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’, ‘னை’ வடிவங்களைப் படித்து வளர்ந்துவிட்டு, பிள்ளைகளுக்குப் புதியதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். மாற்றத்துக்கு எதிரி இல்லை. ஆனால் அது கற்கும் பிள்ளைக்காகச் செய்த மாற்றம். சோம்பேறி மென்பொருளுக்காக எழுத்தை மாற்றுவது, செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலை. மற்றது, “யூனிகோடே சதி, டேஸ்16தான் தீர்வு” என்கிற கூட்டம். அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, அழகான ஏற்பாடுதான். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. ஆனால் உங்கள் கைப்பேசியில் இந்தப் பதிவைப் படிப்பது எதில்? யூனிகோடில்தானே?

யூனிகோடு அமைப்பு இதற்கு விதி எழுதாமலும் இல்லை. பயனர் ஓர் எழுத்தாகக் கருதுவது எது, எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கக்கூடாது என்று 29ஆம் இணைப்பறிக்கை சொல்கிறது. அதில் எடுத்துக்காட்டாகக் கொடுத்த எழுத்துகளில் ஒன்று நம் ‘நி’. ‘க்ஷ’வை அது இரண்டாகத்தான் எண்ணுகிறது, அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அது தனி வழக்கு. விதி இருக்கிறது, அதில் தமிழ் எழுத்தே உதாரணமாகவும் இருக்கிறது, பிறகும் காம்ப்ளெக்ஸ் என்றால் என்ன அர்த்தம்? சோதித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

காட்டாங்குளத்தூரில் படிக்கிற, மகிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். வேதாசலம் என்ற தன் பெயரை 1916இல் தமிழாக்கிக்கொண்டவரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. உங்கள் எடிட்டரில் ‘மறைமலைநகர்’ என்று அடியுங்கள். ம, றை, ம, லை, ந, க, ர். ஏழு எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் கர்சரை வைத்து வலது அம்பை எண்ணி எண்ணி அழுத்துங்கள். ஏழாவது அழுத்தலில் கடைசிக்கு வந்தால் சரி. பத்து ஆனால், உங்கள் எடிட்டர் குறியீட்டை எண்ணுகிறது, எழுத்தை எண்ணவில்லை. அமைப்பை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் பத்து என்றால் அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு புகார் எழுதுங்கள். அந்தப் புகாருக்குள் ‘மறைமலைநகர்’ என்ற சொல்லையும் போடுங்கள்.