பழைய ரைபிளுக்கு எது நியாய விலை?

ஆயுதம் வாங்கும் விவகாரம் என்றாலே, "அது ராணுவ ரகசியம்; கூலிக்காரனுக்கு அதில் என்ன தெரியும்?" என்று வாயடைப்பது ஆள்வோரின் வழக்கம். பழைய சாமானை விலை பேசி வாங்குவதில் கூலிக்காரனுக்குத் தெரிந்ததில் பாதி மந்திரிகளுக்குத் தெரிந்திருந்தால், ஜனங்களின் வரிப்பணம் எத்தனையோ மிஞ்சியிருக்கும் என்று நாம் சொல்கிறோம்.

மரக்காணத்து உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கப் பழைய ஆயில் என்ஜின் ஒன்றை வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? வர்ணப் பூச்சைப் பார்த்து மயங்குவதில்லை. முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்க்கிறார். சூடாக இருந்தால், தான் வருமுன்பே ஓட்டிப் பதம் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறார். ஆறிய என்ஜினைத் தன் கையாலேயே சுற்றிக் கிளப்புகிறார். புகையின் நிறத்தைக் கவனிக்கிறார். உதிரிச் சாமான் திண்டிவனத்தில் கிடைக்குமா என்று விசாரிக்கிறார். அதன் பிறகுதான் மடியை அவிழ்க்கிறார்.

1948ல் டில்லி சர்க்கார் இந்த எளிய முறையைக் கூடக் கைக்கொள்ளவில்லை. காஷ்மீர், ஹைதராபாத் நடவடிக்கைகளுக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், உலக யுத்தத்தில் ஓடித் தேய்ந்து பின்னர் பழுது பார்க்கப்பட்ட 2,000 ஜீப்புகளை, ஒன்று 300 பவுன் வீதம் வாங்க ஏற்பாடு செய்தார். மொத்தம் ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். விற்க முன்வந்த கம்பெனியின் மூலதனம் எவ்வளவு தெரியுமா? 605 பவுன்! தன் சொந்தப் பணத்தில் இரண்டே ஜீப் வாங்கக்கூடிய கம்பெனியிடம் இரண்டாயிரம் ஜீப்புக்கு ஆர்டர்! அதைவிடக் கொடுமை, சோதனைச் சான்று எதுவும் இல்லாமலே நூற்றுக்கு 65 பங்கு பணம் கொடுத்துவிடலாம் என்று ஒப்பந்தம் சொல்லிற்று. வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். உபயோகத்துக்கு லாயக்கற்றவை என்று ராணுவ அதிகாரிகள் தள்ளினார்கள். கம்பெனி பதில் எழுதுவதையும் நிறுத்திவிட்டது. பிறகு வேறொரு கம்பெனியிடம் ஒன்று 458 பவுனுக்கு மேல் கொடுப்பதாக 1,007 ஜீப்புக்கு ஒப்பந்தம். இரண்டாண்டில் வந்தவை 49.

பார்லிமெண்டில் எதிர்க்கட்சிகள் விடாமல் கேட்டன. 1955 செப்டம்பர் 30ல் உள்நாட்டு மந்திரி பந்த், விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் மந்திரியானார். ஏகாதிபத்தியத்தை எதிர்த்து லண்டனிலும் ஐக்கிய நாடுகள் சபையிலும் அவர் எழுப்பிய குரலை நாம் மதிக்கிறோம். மதிப்பு வேறு, கணக்கு வேறு.

ஜீப் நடுவழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். ரைபிள் சுட மறுத்தால்? 2008 நவம்பர் 26 இரவு மும்பை ரயில் நிலையத்தில் கொலைகாரர்கள் தானியங்கித் துப்பாக்கிகளோடு நுழைந்தபோது, அங்கிருந்த போலீஸ்காரர் சிலரின் கையில் இருந்தது பழைய த்ரீ நாட் த்ரீ. உத்தரப் பிரதேசப் போலீஸ் அந்த ரைபிளுக்கு விடை கொடுத்ததே 2020ல்தான். அதைத் தூக்கிக்கொண்டு காவலுக்கு நின்றவர்கள் யார்? விவசாயக் கூலியின் மகனும் மில் தொழிலாளியின் தம்பியும்தான். (ரைபிளின் மறுமுனை எப்படியிருக்கும் என்பதும் நம் வட்டாரத்துக்குத் தெரியும். 1936 ஜூலை 30ல் புதுச்சேரியில் மில் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சுத் துருப்புகளின் குண்டுக்குப் பலியானார்கள்.)

ராணுவ ரக ரைபிளை நம் நாட்டில் தனி மனிதர் சந்தையில் போய் வாங்கிவிட முடியாது. 1959ம் வருட ஆயுதச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாங்குவது சர்க்கார், பணம் நம்முடையது. ஆகவே சரக்கைச் சோதிக்கும் முறை நமக்கும் தெரிய வேண்டும்.

கிடங்கில் கிடந்த ரைபிள் கெட்டிக் கிரீஸ் பூசி வரும். கிரீஸைத் துடைக்காமல் பார்ப்பது, சாக்கை அவிழ்க்காமல் உப்பை மதிப்பதற்குச் சமம். துடைத்துவிட்டுக் குழாயின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தால், குண்டைச் சுழற்றி அனுப்பும் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா என்பது தெரியும். துருக்குழிகளும் தெரியும். அந்தத் துரு எங்கிருந்து வருகிறது? பழைய தோட்டாவின் வெடிமருந்து மூடியில் ஒரு குளோரேட் உப்பு இருந்தது. சுட்டபின் அது நம் சோற்றுப்புக்கு உறவான பொட்டாசியம் குளோரைடாகக் குழாயில் படியும். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அதனால்தான் சிப்பாய்கள் குழாயில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். உப்பளத்தில் மண்வெட்டியைக் கழுவாமல் போட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து, பூட்டின் நம்பரும் உடலின் நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறானால், பல ரைபிள்களைப் பிரித்துக் கலந்து கோத்தது என்று சந்தேகிக்கலாம். தோட்டாவுக்கும் பூட்டுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் கொண்டு சோதிக்காவிட்டால், வெடிப்பு சுடுபவரின் முகத்திலேயே திரும்பக்கூடும்.

இனி விலை. யுத்த உபரியின் சந்தை மதிப்பு எவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம்: 1963ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற இத்தாலிய யுத்த உபரி ரைபிள், தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்டுக்குத் தபாலில் வந்தது. கப்பல் கூலி, பழுது பார்ப்பு, தள்ளுபடியான உருப்படிகள், உதிரிச் சாமான் எல்லாவற்றையும் சேர்த்த பிறகு புது ரைபிளின் விலையை நெருங்குமானால், பழையதை வாங்குவது மூடத்தனம்.

புதிதாக வாங்குவதற்கும் இதே கேள்விகள் உண்டு. 2024ல் அமெரிக்கக் கம்பெனியிடம் 73,000 ரைபிள்கள், 837 கோடி ரூபாய். ஒன்று ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பதினையாயிரம். 1966 முதல் திருச்சியில் நமக்கே ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்குள்ள ஆயுதத் தொழிலாளர்கள், தங்கள் ஆலைகளைக் கம்பெனிகளாக்குவதை எதிர்த்தார்கள். 2021ல் சர்க்கார் வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டம் போட்டு, அக்டோபர் 1ல் 41 ஆலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது.

சோதனைச் சான்று கைக்கு வருமுன் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. எத்தனை வந்தன, எத்தனை தள்ளப்பட்டன என்ற கணக்கைப் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். சரக்கைச் சோதிக்கும் குழுவில், இரும்பை வாழ்நாளெல்லாம் கடைந்த திருச்சித் தொழிலாளி ஒருவரும் உட்கார வேண்டும்.