நகப்பூச்சும் நம் மனச்சான்றும்

பத்தாம் வகுப்பு மாணவி

பிரிக்க முடியாத உறவை 'நகமும் சதையும் போல' என்று நம் பெரியோர் சொல்வார்கள். அத்தனை நெருக்கமாக நம்மோடு ஒட்டி வாழும் நகத்தை நாம் நினைத்துப் பார்ப்பது எப்போது? காலை வணக்கக் கூட்டத்தில் சிஸ்டர் நகம் பார்க்க வரும்போது ஒரு முறை. வீட்டில் கல்யாணம் வரும்போது ஒரு முறை. இந்த ஆண்டு எனக்கு இவ்விரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அதன் விளைவே இக்கட்டுரை.

கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் என் அத்தை மகளுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண்ணோடு நாங்கள் நால்வரும் ஓர் அழகு நிலையத்துக்குச் சென்றோம். குளிரூட்டப்பட்ட சிறிய அறை, ஜன்னல்கள் மூடியிருந்தன. உள்ளே நுழைந்ததும் ஒரு நெடி மூக்கைத் துளைத்தது. ஓர் அக்கா என் கையைப் பிடித்து, நகத்தை அரத்தால் தேய்த்து, ஜெல் பூசி, நீல விளக்கின் அடியில் வைக்கச் சொன்னார். அவருக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். அவருடைய விரல் நுனிகளைப் பார்த்தேன். தோல் உரிந்து, வெடித்து, சிவந்து கிடந்தது. "வலிக்காதா அக்கா?" என்று கேட்டேன். "பழகிப் போச்சு பாப்பா. நீ கையை அசைக்காதே" என்று சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறந்தது. ஜெல் எளிதில் போகாது என்பது எனக்குத் தெரியாது. முந்தின இரவு அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அதனோடு நகத்தின் மேல் படலமும் உரிந்து வந்துவிட்டது. சிஸ்டர் என் விரல்களைப் பார்த்துக் கோபப்படவில்லை. "இந்த அழகு உனக்கு எத்தனை நாள் இருந்தது மகளே?" என்று மட்டும் கேட்டார்கள். அன்று மதிய இடைவேளையில் வகுப்பில் பெரிய வாக்குவாதம் மூண்டது. நகப்பூச்சு வீண் ஆடம்பரம் என்றது ஒரு கட்சி. என் விரல், என் விருப்பம் என்றது மறு கட்சி. இரு கட்சியும் என் கையைப் பற்றியே பேசின. என் கையைப் பிடித்து வேலை செய்த அந்த அக்காவின் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே நகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நகத்துக்கு நிறம் ஏற்றுவது நேற்று வந்த பழக்கமன்று. நம் பாட்டிமார் மருதாணி இலையை அம்மியில் அரைத்து, இரவெல்லாம் விரலில் தொப்பி போட்டுக்கொண்டு உறங்கினார்கள். மருதாணியில் உள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் நகத்தின் கெரட்டின் என்னும் புரதத்தோடு சேர்ந்து சிவக்கிறது. நகம் வளர வளர அந்தச் சிவப்பும் நுனிக்கு நகர்ந்து மறைகிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகம் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். அரைத்தவரும் இட்டுக்கொண்டவரும் பெரும்பாலும் ஒரே வீட்டார். அந்த அழகுக்கு யாரும் தனியாக விலை கொடுக்கவில்லை.

சீன அரண்மனையிலோ நிலைமை வேறு. பேரரசி சிசியின் நிழற்படங்கள் 1903ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்டவை. அவற்றில் அவருடைய நீண்ட நகங்களுக்கு அணிவித்த உறைகளைக் காணலாம். அவ்வளவு நீண்ட நகத்தோடு பாத்திரம் துலக்க முடியுமா? துணி துவைக்க முடியுமா? முடியாது. 'என் வேலைகளை வேறொருவர் செய்கிறார்' என்று ஊருக்கு அறிவிக்கும் பலகையே அந்த நகம்! இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், தோழியரே.

இருபதாம் நூற்றாண்டில் நகம் ஒரு தொழிலாயிற்று. அமெரிக்காவில் கியூடெக்ஸ் என்னும் நிறுவனம் 1917 வாக்கில் திரவப் பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1920களில் மோட்டார் கார்களுக்கு விரைவில் உலரும் பளபளப்பான வண்ணப்பூச்சு வந்தது. அதன் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். வெடிமருந்துக்கும் அந்தக் காலத்துச் சினிமாப் படச்சுருளுக்கும் பயன்பட்ட அதே பொருள்தான்! காரின் மேல் பளபளத்தது விரலின் மேலும் பளபளக்கத் தொடங்கியது. 1932இல் ரெவ்சன் சகோதரர்கள் லாக்மன் என்பவருடன் சேர்ந்து ரெவ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் விற்றது நகப்பூச்சு ஒன்றைத்தான். 1952இல் அந்நிறுவனம் செய்த 'ஃபயர் அண்ட் ஐஸ்' விளம்பரம் உதட்டுக்கும் விரலுக்கும் ஒரே சிவப்பு என்னும் ஆசையை ஊரெங்கும் பரப்பியது. அதே 1952இல் நம் நாட்டில் டாட்டா நிறுவனம் லாக்மேயைத் தொடங்கியது.

பூச்சு வந்த பின் நகமே செயற்கையாக வந்தது. 1954இல் ஃபிரெட் ஸ்லாக் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவரின் நகம் உடைந்துவிட்டதாம். அவர் பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக் பொருளைக் கொண்டே தமக்கு ஒரு நகம் செய்துகொண்டார். பல்லுக்கும் நகத்துக்கும் உள்ள உறவு அத்தோடு முடியவில்லை. இன்று உலகெங்கும் விற்கும் ஓபிஐ நகப்பூச்சு நிறுவனமும் 1981இல் பல் மருத்துவப் பொருள் விற்ற ஒரு சிறு நிறுவனத்திலிருந்து வளர்ந்ததே. 1970களின் தொடக்கத்தில், செயற்கை நகத்தில் கலந்த மெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் திரவத்தால் நகம் சிதைந்தது, தோல் புண்ணானது என்று முறையீடுகள் குவிந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை சென்று, அத்திரவத்தை அப்படியே கொண்ட பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்றியது.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த வரலாற்றிலேயே என் நெஞ்சைத் தொட்ட பகுதி. 1975 ஏப்ரல் 30 அன்று வியட்நாமில் சைகோன் நகரம் வீழ்ந்தது. ஆயிரமாயிரம் அகதிகள் அமெரிக்கா சென்றார்கள். கலிஃபோர்னியா மாநிலத்தில் சேக்ரமெண்டோ நகருக்கு அருகே 'ஹோப் வில்லேஜ்' என்னும் முகாம் இருந்தது. 'நம்பிக்கைச் சிற்றூர்' என்று தமிழில் சொல்லலாம். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் என்னும் நடிகை அங்கே உதவி செய்ய வந்தார். அப்பெண்கள் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே என்று அவர் பல வழிகளை எண்ணிப் பார்த்தார். அவர்களோ அவருடைய நகங்களின் அழகை வியந்து பார்த்தார்கள். உடனே அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. தமக்கு நக அலங்காரம் செய்பவரையே முகாமுக்கு வரவழைத்து, ஏறக்குறைய இருபது பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார்.

அந்த இருபது பேரிடமிருந்து தங்கைகளும் தோழிகளும் அண்டை வீட்டாரும் கற்றுக்கொண்டார்கள். ஆங்கிலம் சரளமாகப் பேச வராதவர்களும் செய்யக்கூடிய வேலை அது. சில ஆண்டுகளில் சிறு கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன, கூலி மலிந்தது. முன்பு நடிகைகளும் செல்வர்களும் மட்டும் செய்துகொண்ட அலங்காரம் கடைப் பணிப்பெண்ணுக்கும் எட்டியது. இன்று கலிஃபோர்னியாவில் இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமிய மரபினர். நாடிழந்து வந்தவர்கள் சின்னஞ்சிறு தூரிகையைக் கொண்டு வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நகப்பூச்சு வீண் என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. நாம் மாதத்துக்கு ஒரு முறை முகரும் நெடியை அவர்கள் நாள் முழுவதும் முகர்கிறார்கள். நகப்பூச்சில் நெடுங்காலம் சேர்க்கப்பட்ட டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றையும் 'நச்சு மூவர்' என்றே அழைத்தார்கள். டொலுயீன் தலைவலியும் மயக்கமும் தரும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. மூன்றாவது, பிள்ளைப்பேற்றுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு செய்யக்கூடியது என்பதால் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் ஆணையிட்டது. மூடிய அறையில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் யார்? விரலை நீட்டியவர்கள் அல்லர். அந்த விரலைப் பிடித்தவர்கள்.

2005இல் கலிஃபோர்னியாவில் நக அலங்காரத் தொழிலாளரின் உடல்நலத்துக்காக ஒரு கூட்டமைப்பு தோன்றியது. 2015 மே மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அந்நகரத்து நக நிலையங்களைப் பற்றித் தொடர் கட்டுரை வெளியிட்டது. பலருக்குச் சட்டப்படியான கூலி கூடக் கிடைக்கவில்லை, நோயும் அவர்களை வாட்டுகிறது என்று அது எழுதியது. நிலைமையை மிகைப்படுத்தியதாகச் சிலர் மறுத்ததும் உண்டு. ஆயினும் அம்மாநில ஆளுநர் உடனே அவசர நடவடிக்கை எடுத்தார். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயமாக்கப்பட்டன.

இடையில் நாகரிகம் நின்றுவிடவில்லை. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் நீண்ட வண்ண நகங்களோடு ஓடினார். அவ்வாண்டு 100 மீட்டரை அவர் 10.49 விநாடியில் கடந்த சாதனையைப் பல பத்தாண்டுகளாக யாரும் முறியடிக்கவில்லை. நகம் வளர்ப்பவள் சோம்பேறி என்பாருக்கு அவர் கால்களால் பதில் சொன்னார். 2010இல், விளக்கொளியில் இறுகி இரண்டு வாரம் நிற்கும் ஜெல் பூச்சு ஷெல்லாக் என்னும் பெயரில் வந்து பரவியது. 2020இல் கொரோனாவால் கடைகள் மூடியபோது வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் நகங்கள் மீண்டும் பெருகின.

அந்த விளக்கும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்கள் மீது அதன் ஒளியை 20 நிமிடம் பாய்ச்சினார்கள். 20 முதல் 30 சதவீதச் செல்கள் மடிந்தன. தட்டில் வைத்த செல்லும் உயிருள்ள கையும் ஒன்றல்ல. ஆகையால் இதைக் கொண்டு அஞ்சி நடுங்க வேண்டியதில்லை, அலட்சியமாக இருக்கவும் கூடாது. ஜெல்லை இறுகச் செய்யும் டிபிஓ என்னும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துள்ளது.

அந்த அக்காவின் விரல்கள் ஏன் வெடித்திருந்தன என்பது இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. இறுகாத ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் உள்ள பொருள்கள் தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகலாம். ஒரு முறை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். பின்னாளில் பல் அடைப்பதற்கும் எலும்பு அறுவை சிகிச்சைக்கும் பயன்படும் அதே இனப் பொருள்களைக் கூட அவர்கள் உடல் ஏற்காமல் போகலாம். பல் மருத்துவத்திலிருந்து கடன் வாங்கிய கலை, கடைசியில் பல் மருத்துவத்துக்கே தடையாக வந்து நிற்கிறது. பாருங்கள் விந்தையை!

என் கருத்து இதுதான். பள்ளியில் நகப்பூச்சு வேண்டாம் என்னும் விதியை நான் ஏற்கிறேன். சீருடையைப் போல அதுவும் பணக்காரப் பெண்ணையும் ஏழைப் பெண்ணையும் ஒன்றாக்குகிறது. ஆனால் நிறமே பாவம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மருதாணிச் சிவப்பு பாவமில்லை என்றால் சீசாவின் சிவப்பு மட்டும் எப்படிப் பாவமாகும்? அந்தச் சிவப்புக்காக இன்னொருத்தி நோயுற்றால், அதைக் கண்டும் காணாதிருப்பதே பாவம். 'என் விரல், என் விருப்பம்' என்னும் தோழியருக்கும் ஒன்று சொல்வேன். விரல் உன்னுடையதுதான், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கை உன்னுடையதன்று.

அதற்காக அழகு நிலையங்களுக்கு இனிப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாம் போகாவிட்டால் அந்த அக்காவின் வீட்டில் அடுப்பு எரியாது. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டுவானேன்? சிறு செயல்களே போதும். காற்று வெளியேற ஒரு மின்விசிறி, திறந்த ஜன்னல், நல்ல நைட்ரைல் கையுறை, தேய்க்கும்போது பறக்கும் தூசியைத் தடுக்கும் முகக்கவசம். சாதாரண முகக்கவசம் நெடியைத் தடுக்காது. அதற்குக் காற்றோட்டம் ஒன்றே வழி. இவற்றை ஒரு தொழிலாளி முதலாளியிடம் கேட்டால் வேலை போகலாம். பணம் கொடுக்கும் நாம் கேட்டால் வேலை நடக்கும். மிக மலிவான கடையைத் தேடும்போது மீதிப் பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்றும் ஒரு நொடி நினைப்போம்.

என் நகங்கள் இப்போது பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டன. ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போது முழுவதும் சரியாகியிருக்கும். அந்த அக்காவின் விரல்கள் எப்படி இருக்கின்றனவோ, தெரியாது. இரண்டு மணி நேரம் என் கையைப் பிடித்திருந்தவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மார்கழியில் சின்ன அத்தை வீட்டில் கல்யாணம் வருகிறது. அப்போது முதலில் அவர் பெயரைக் கேட்பேன். அடுத்து ஜன்னலைத் திறக்கச் சொல்வேன். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகுதான்.