‘அதே படம்தானே?’ என்று கேட்பவர்களுக்கு

ஒரு காலத்தில் செங்கல்பட்டில் வீடியோ கடைக்குப் போனவர்கள் "என்ன படம் வந்திருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காசை நீட்டியதில்லை. அடுத்த கேள்வி "பிரிண்ட் எப்படி?" என்பதுதான். தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்த கேமரா பிரிண்டா, ஒரிஜினலா, காப்பிக்குக் காப்பியா என்று தெரிந்தால்தான் பேரமே ஆரம்பிக்கும். டெக்கையும் டிவியையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளையும் கூட்டி, விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறை அது.

அதே தலைமுறைதான் இன்று பரணில் கிடக்கும் கேசட் பெட்டியைக் காட்டி, "எல்லாம் யூடியூப்ல இருக்கு. அதே படம்தானே? காயலான் கடைக்குப் போடு" என்கிறது.

மன்னிக்கவும். அதே படம் இல்லை.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஜப்பான் கார்ட்டூன் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள்கூட உட்கார்ந்து பார்த்த ஒரு ஜப்பான் கார்ட்டூன் உண்டு. ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் ஓர் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க 1983இல் இந்தியா வந்தார். ராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகனும் ஜப்பானின் கோய்ச்சி சசாகியும் அவரோடு சேர்ந்து இயக்க, வன்ராஜ் பாட்டியா இசையமைக்க, சுமார் 450 ஓவியர்கள் ஒரு லட்சம் அளவுக்குக் கையால் படம் வரைந்து எடுத்த படம். 1993இல் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஆனால் இந்தியத் திரையரங்குகளுக்கு அது ஊர் ஊராக வந்தது 2025 ஜனவரி 24 அன்றுதான். நடுவில் இருந்த 32 வருடம் பெரும்பாலானோர் அதைப் பார்த்தது டிவியில். டிவியில் வந்ததைப் பதிவு செய்துவைத்த வீடுகளில் கேசட்டில்.

சரி, "அந்தப் படம் பார்த்திருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் எதைப் பார்த்தார்?

மூல ஆங்கில வடிவம் 135 நிமிடம். அதில் ராமனுக்குக் குரல் நிகில் கபூர். இந்தி வடிவத்தில் ராமனுக்குக் குரல் அருண் கோவில், அதாவது 1987-88இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் ராமனாகவே நடித்தவர். ராவணன் அம்ரீஷ் பூரி. கதை சொல்பவர் சத்ருகன் சின்ஹா. அமெரிக்காவுக்கு 2001இல் ‘தி பிரின்ஸ் ஆஃப் லைட்’ என்று பெயரையே மாற்றி வெட்டிய வடிவம் சுமார் 96 நிமிடம். அங்கே கதை சொல்பவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ், ராமன் பிரையன் கிரான்ஸ்டன் (ஆமாம், ‘பிரேக்கிங் பேட்’ வாத்தியார்தான்). 2025இல் 4கே தரத்தில் வந்தபோது இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றுக்கும் புதிய டப்பிங். எண்ணிப் பாருங்கள். ஒரே படத்துக்கு எத்தனை உடம்பு! 135 எங்கே, 96 எங்கே? போன 39 நிமிடம் யார் வீட்டு நிமிடம்?

கம்பன் ஊரில் இதை விளக்க வேண்டியிருப்பதுதான் பெரிய வேடிக்கை. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுக்கிறான். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துப் பட்டிமன்ற மேடைகளில் எத்தனை மணி நேரம் பேசியிருக்கிறார்கள்! அங்கே எவராவது எழுந்து "ரெண்டும் அதே கதைதானே?" என்று கேட்டால் நடுவர் மைக்கைப் பிடுங்கிவிடுவார். கேசட் என்றதும் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறது?

"அது இலக்கியம், இது கார்ட்டூன். இதைப் போய் ஆராய்வது வேலையத்தவன் வேலை" என்று ஒரு பதில் வரும். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிடுவதற்கு முன் ஏடு ஏடாகத் தேடி, ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, பாடபேதம் குறித்துக்கொண்டார். அன்றும் வீடுகளில் கிடந்த ஓலைகளைப் பயனற்றவை என்று ஆற்றில் விட்டவர்கள் இருந்தார்கள். எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏட்டைத் தேடவில்லை அவர். முதலில் தேடினார், படித்தார், பிறகு தீர்ப்புச் சொன்னார். வரிசை முக்கியம்.

வெளியூர்க் கதையும் ஒன்று. மியாசாகியின் ‘நௌசிகா’ 117 நிமிடப் படம். 1985இல் அமெரிக்காவில் ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்ற பெயரில் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, கதாநாயகி பெயரை ‘சாண்ட்ரா’ என்று மாற்றி, படத்திலேயே இல்லாத ஆண்களை கேசட் அட்டையில் வரைந்து விற்றார்கள். முழுப்படம் அங்கே டிவிடியாக வந்தது 2005இல். இருபது வருடம் ஒரு தலைமுறை வெட்டுப்பட்டதைப் பார்த்துவிட்டு "நௌசிகாவா? சுமாரான படம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தீர்ப்பு படத்தைப் பற்றியதா, கத்திரிக்கோலைப் பற்றியதா? ‘கிகி’ படம் இன்னும் மோசம். 1998இல் டிஸ்னி கேசட்டில் வந்த ஆங்கில டப்பிங்கில் மூலத்தில் இல்லாத வசனங்களும் இசையும் சேர்க்கப்பட்டிருந்தன. 2010 டிவிடியில் அவற்றில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். அட்டையில் இரண்டுமே டிஸ்னி டப்பிங்தான்! அட்டையை நம்பினால் அவ்வளவுதான்.

பிறகு எதை நம்புவது? இங்கேதான் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

முதலில் நிமிடக் கணக்கு. இதில்தான் அரைகுறைகள் வழுக்கி விழுகிறார்கள். சினிமா நொடிக்கு 24 சட்டம். இந்தியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் பால் முறை டிவி (குடிக்கிற பால் இல்லை) நொடிக்கு 25. 24ஐ 25ஆக ஓட்டினால் படம் நான்கு சதவீதம் சீக்கிரம் முடியும், குரலும் லேசாக ஏறும். ஆக 135 நிமிடப் படம் கிட்டத்தட்ட 129½ நிமிடத்தில் முடியும். அதைப் பார்த்து "அஞ்சு நிமிஷம் வெட்டிட்டான்" என்று கூச்சல் போடக்கூடாது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்டிஎஸ்சி முறையில் நேரம் மாறாது. பால் கேசட்டாக இருந்தும் 135 நிமிடம் முழுசாக ஓடி, வேகமான அசைவுகளில் நிழல் நிழலாகத் தெரிந்தால், அது என்டிஎஸ்சி நாடாவிலிருந்து மாற்றி எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கேசட்டின் உடம்பு. முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் அழிபடாமல் காக்கும் சிறு தகடு ஒன்று இருக்கும். கம்பெனி பதிவு செய்து விற்ற கேசட்களில் அது பெரும்பாலும் இருக்காது. அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருந்தால், எவரோ கம்பெனிப் படத்தை அழித்துவிட்டுத் தங்கை கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். கம்பெனி கேசட்டில் படத்தின் நீளத்துக்கு அளந்து நாடா சுற்றியிருப்பார்கள். வீட்டில் பதிந்தது என்றால் இ-180 என்ற மூன்று மணி நேர நாடா, படம் முடிந்த பிறகும் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்த டி-120 என்றால், அங்கத்திய டெக்கில் வழக்கமான வேகத்தில் 135 நிமிடப் படம் அதற்குள் அடங்கவே அடங்காது. ஒன்று வெட்டுப் பிரதி, அல்லது மெதுவான வேகத்தில் பதிந்தது.

மூன்றாவது, லேபிள். இது சட்டமே கொடுத்த கருவி. காப்புரிமைச் சட்டத்தில் 1984இல் சேர்த்த 52ஏ பிரிவின்படி, விற்கும் வீடியோ படத்தின் கேசட்டிலோ உறையிலோ தணிக்கைச் சான்றிதழின் நகல், தயாரித்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, அனுமதி பெற்றதற்கான உறுதிமொழி எல்லாம் இருக்க வேண்டும். மீறினால் 68ஏ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. இந்த விவரங்கள் இல்லாத கேசட் என்ன சாதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, டிவியிலிருந்து பதிந்தது என்றால் விளம்பரம். எரிச்சலோடு ஓட்டித் தள்ளுகிற அந்தச் சோப்பு விளம்பரமும், மூலையில் தெரியும் சேனல் முத்திரையும், நடுவில் வரும் தீபாவளித் தள்ளுபடியும்தான் தேதி சொல்லும் கல்வெட்டு. "விளம்பரத்தை எல்லாம் வெட்டிட்டு சுத்தமா கணினியில ஏத்திட்டேன்" என்று பெருமைப்படுகிறவர் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டியவர்.

இதில் குற்றவாளிகள் மூன்று வகை. தூக்கிப் போடுகிறவர் முதல் வகை. அவரையாவது மன்னிக்கலாம், அவருக்கு இடம் வேண்டும். "ரேர் ஒரிஜினல்" என்று எழுதி, கம்பெனி, வருடம், நிமிடம் எதுவும் சொல்லாமல் ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறவர் இரண்டாம் வகை. வலையில் "ஃபுல் மூவி எச்டி" என்று தலைப்பிட்டு, எந்த நாட்டுப் பிரதி, யார் டப்பிங் என்று ஒரு வரிகூட எழுதாமல் ஏற்றுகிறவர் மூன்றாம் வகை. மூவரிலும் இவர்தான் அதிக சேதம் செய்கிறவர். ஏனென்றால் நாளை இதைத்தான் எல்லோரும் மூலம் என்று நினைப்பார்கள்.

"4கேயே வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்பது கடைசி வாதம். 4கே வந்தது நல்லது. படம் அவ்வளவு துல்லியமாக எந்த நாடாவிலும் தெரிந்ததில்லை. ஆனால் துல்லியமானது படம்தான். 2005இல் மறைந்த அம்ரீஷ் பூரி 4கேவுக்காக எழுந்து வந்து மறுபடி பேசவில்லை. புதிய இந்தி டப்பிங்கில் ராவணன் குரல் வேறு. 2025 தமிழ்க் குரல்களும் அப்படியே. "சின்ன வயசிலேயே தமிழில் பார்த்தேன்" என்று சத்தியம் செய்கிறவர் உண்மையில் கேட்டது தமிழ்க் குரலையா, பக்கத்தில் உட்கார்ந்து தாத்தா சொன்ன கதையையா? இதற்கு ஞாபகம் சாட்சி ஆகாது. நாடா ஒன்றுதான் சாட்சி.

அந்தச் சாட்சிதான் செத்துக்கொண்டிருக்கிறது. விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசிக் கம்பெனியான ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோர வீடுகளில் இரும்பு ஜன்னலே உப்புக்காற்றில் செதில் செதிலாக உதிர்கிறது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய காந்தத்தூள் எத்தனை மழைக்காலம் தாங்கும்? வெள்ளைப் பூஞ்சை பிடித்த பிறகு "ஐயோ" என்று பிரயோஜனமில்லை.

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் கங்கையை இறக்கியதா என்று இன்றுவரை சண்டை. இன்னார் என்று ஒரு வரி பொறித்து வைக்காததன் விலை அது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்தில் கதை நேர்மாறு. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட பாறையில் இருந்த கல்வெட்டைப் படித்துத்தான், தொல்லியல் துறை 2005இல் மணலைத் தோண்டி ஒரு முருகன் கோயிலையே வெளியே எடுத்தது. நாலு வரி எழுத்து இருந்ததால் ஒரு கோயில் கிடைத்தது.

கேசட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் நாலு வரி எழுதிவைக்கச் சொல்வது பெரிய கோரிக்கையா? லேபிளில் என்ன இருக்கிறது, எத்தனை நிமிடம் ஓடுகிறது, யார் குரல், எந்த விளம்பரம். உறையை முன்னும் பின்னும் செல்போனில் ஒரு படம். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகும் இடம் இல்லை என்றால் காயலான் கடைக்குப் போகட்டும். தெரிந்தே போகட்டும்.

பி.கு: ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அந்த கேசட்டை டெக்கில் போடக்கூடாது. டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். "ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்கிற ஆசையில் செத்த கேசட்கள் ஏராளம்.