வாளையாற்றில் நின்ற லாரியும் வணிக நிகழ்வும்

சேவைசார் மென்பொருள் கட்டமைப்பு பற்றிய பாடங்களில் ‘வணிக நிகழ்வு’ என்பது ஒரு சேவை மற்றொன்றுக்கு அனுப்பும் செய்தியாகவே பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. செய்தி வெறும் உறை. தொழிலில் நடந்து முடிந்து, யாருடைய கடமையையேனும் மாற்றிவிட்ட ஒன்றே நிகழ்வு.

இதற்குப் பாலக்காட்டு எல்லையிலுள்ள வாளையாற்றைவிடத் தெளிவான சான்று அரிது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அங்குள்ள வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே கட்டாயமான இ-வே பில், சரிபார்ப்பின் தொடக்கத்தை எல்லையிலிருந்து கிடங்கு வாசலுக்கு நகர்த்தியது. அதன் வடிவமைப்பு பாராட்டுக்குரியது: சரக்கின் விவரம் ஒரு பகுதி, வண்டி எண் மற்றொரு பகுதி. வழியில் வண்டி மாறினால் இரண்டாம் பகுதியை மட்டும் திருத்தினால் போதும். விற்பனையும் நகர்வும் ஒன்றாகவும் கொள்ளப்படவில்லை. இடுக்கி ஏலக்காய் போடிநாயக்கனூர் மின்-ஏலத்துக்குப் புறப்படும்போது அது இன்னும் விற்கப்படவில்லையே!

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2021 முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் எனக் கெடு கணக்கிடப்படுகிறது. கெடு முடிவது தொழிலில் நிகழ்வதன்று, கடிகாரத்தில் நிகழ்வது. கஞ்சிக்கோட்டில் லாரி பழுதாகி நிற்பதுதான் உண்மையான நிகழ்வு. அது இம்முறைமையில் தனி நிகழ்வாகப் பதிவாவதில்லை. வண்டி மாற்றத்துக்கோ கெடு நீட்டிப்புக்கோ ஒரு காரணமாக மட்டுமே நுழைகிறது; நீட்டிப்பும் கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள்தான். பழுதைக் கண்டவர் ஓட்டுநர். பதிவு செய்ய வேண்டியவர் போக்குவரத்து அலுவலகத்தில் இருப்பவர். இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு தவறினால் சரக்கு தடுத்து வைக்கப்படலாம். சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி தண்டம் வரியின் இருமடங்கு.

சரக்கு சேர்ந்ததற்கும் இதே கதிதான். பெறுநர் 72 மணி நேரம் பேசாதிருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படுகிறது. நடவாத ஒன்றை நிகழ்வாக எழுதிக்கொள்வது நிரலருக்கு எளிது; வழக்கு வரும்போது வணிகருக்கு எளிதன்று.

எந்த நிகழ்வுகள் உள்ளன என்பதோடு, அவற்றை முதலில் காண்பவர் யார் என்பதையும் கட்டமைப்பு வரைபடம் காட்ட வேண்டும். ஓட்டுநரின் கைப்பேசியிலிருந்து வரும் ‘வண்டி பழுது’ என்னும் அறிவிப்பு உறுதிசெய்யப்படாத நிகழ்வாகவேனும் பதிவாகலாம். அலுவலகம் அதைப் பின்னர் உறுதிசெய்யலாம்.