விடாமுயற்சிக்கும் தவணை விடுப்பு வேண்டும்

"உழைத்தால் உயரலாம்" என்று நாம் எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்கிறோம். எத்தனை வருஷம் என்று மட்டும் சொல்வதில்லை.

எங்கள் பனச்சமூட்டுக்கு வடக்கே, நெடுமங்காடு பக்கம் வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துகை மையம் இருக்கிறது. 1993-ல் அமெரிக்க நெருக்கடியால் ரஷ்யா கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைத் தராமல் நிறுத்தியது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைக் கையாள்வது சும்மாவா? 2010 ஏப்ரலில் ராக்கெட் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் எரிபொருள் கசிவு, ஏவாமலே நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5-ல்தான் ஜெயித்தார்கள். அந்த வேலையில் இருந்த நம்ம குமரி மாவட்டத்துக்காரர் வி. நாராயணன் 2025-ல் இஸ்ரோ தலைவரானார்.

உழைத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த இருபது வருஷமும் அவர்களுக்குச் சம்பளம் வந்தது. தோற்றபோது யாரும் கதவை மூடவில்லை. பழுது எங்கே என்று தேட அவகாசம் கிடைத்தது.

வங்கியில் புதுத் தொழிலுக்குக் கடன் கொடுத்தால்கூட முதல் சில மாதம் தவணை கேட்க மாட்டோம். பிள்ளைக்கு மார்க் குறைந்தால் மட்டும் அன்றைக்கே கணக்குக் கேட்கிறோம்! கனவு காணச் சொன்னால் போதாது நண்பர்களே, காலமும் கொடுங்கள்.