வாயால் கேட்டால் லீவு வராது!

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே சேலை விற்கும் 7 மாத கர்ப்பிணி பெண், சூபர்வைசரிடம் பிரசவ லீவு கேட்டாள். "பிள்ளை பெத்துக்கிட்டு வாம்மா, இடம் காலியா இருந்தா பார்க்கலாம்" என்றாராம்! 3 வருஷம் கால் கடுக்க நின்று வியாபாரம் பார்த்தவளுக்கு இதுதான் பதில்.

இப்படி அனுப்புவது சட்ட விரோதம். 12 வாரமாக இருந்த பிரசவ லீவு 2017-ல் 26 வாரம் ஆகிவிட்டது, சம்பளத்தோடு! கடையில் 10 பேர் இருந்தாலே சட்டம் பாயும். பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். "நீ பெர்மனென்ட் இல்லை" என்ற சாக்கும் எடுபடாது. தினக்கூலி பெண்களுக்கும் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-ம் ஆண்டே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு.

வாயால் கேட்பதில்தான் நம்ம பெண்கள் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் சர்டிபிகேட்டோடு எழுதிக் கொடுக்கணும். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பணும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால், பணம் கேட்க வேண்டியது ஈ.எஸ்.ஐ. ஆபீசில்.

அந்தப் பெண் இன்னும் எழுதவில்லை. "இருக்கிற வேலையும் போயிடும்ண்ணே" என்கிறாள். பயம் அவளுக்கு, முதலாளிக்கு இல்லை!

தேனாம்பேட்டை தொழிலாளர் துறை ஆபீசிலிருந்து தி.நகர் கூப்பிடு தூரம். அதிகாரிகள் ஒரு சாயங்காலம் இந்தக் கடைகளுக்குள் நுழைந்து, பிரசவ லீவு எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று ரிஜிஸ்தரைக் கேட்டால் என்ன?